மூணாறு மலைப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே, வணக்கம்.

தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள் நான். நம் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை போதாது என்று பெற்றோர் கூட்டத்தில் அடிக்கடி சொல்கிறீர்கள். வெளியூரிலிருந்து பேச்சாளர்களையும் அழைத்து வருகிறீர்கள். 'என்னால் முடியும்' என்று பிள்ளைகளும் சத்தமாகச் சொல்கிறார்கள். அக்கறையோடுதான் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மறுநாள் கரும்பலகை முன்னால் அதே பிள்ளை வாயைத் திறப்பதில்லை.

என்னிடம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வருகிறாள். அம்மா இன்று எடுத்த கொழுந்து எத்தனை கிலோ, ஈரத்துக்குக் கழித்தது எவ்வளவு, மாதக் கடைசியில் கைக்கு என்ன வரும் என்று அடுப்படியில் நின்றபடியே மனக்கணக்காகச் சொல்லிவிடுவாள். வகுப்பில் சதவீதக் கணக்கு வந்தால் மட்டும் தலை குனிந்துவிடும். தமிழில் போட்ட கணக்கை மலையாளத்தில் சொல்லப்போய் நாக்கு இடறினால் பின் பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் 'பாண்டி' என்ற கேலி இடைவேளை வரைக்கும் துரத்தும். அந்தச் சிரிப்பை அடக்காமல் நீங்கள் அடுத்த பிள்ளையிடம் கேட்கப் போய்விடுகிறீர்களே, அந்த நிமிஷத்தில்தான் அவள் தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறாள்.

உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் இதைப் பற்றி எழுதினார். தன்னால் ஆகும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வரும் என்றார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அப்புறம் உடம்பிலும் மனதிலும் உள்ள பதற்றம் எவ்வளவு என்பது. இவற்றில் முதலாவதுக்குத்தான் பலம் அதிகம். நாம் பிடித்துக்கொண்டிருப்பதோ மூன்றாவதை மட்டும்.

இரண்டாவது வழிக்கு நாம் எங்கும் போக வேண்டாம். 2015 செப்டம்பரில் இதே மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று திரண்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் கேட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். கடைசியில் போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67 என்று 20-ஐ வாங்கினார்கள். சதவீதக் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? நம் வகுப்பில் உட்கார்ந்திருப்பது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

மலையாளம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இங்கே வாழ்கிற பிள்ளைக்கு அது கட்டாயம் வேண்டும், நன்றாகவே வர வேண்டும். விடையை முதலில் தமிழில் சொல்ல விடுங்கள். சரி என்றால் சரி என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அப்புறம் அதையே மலையாளத்தில் சொல்லச் சேர்ந்து உதவுங்கள். சிரிக்கிற பிள்ளையையும் கூப்பிட்டுப் பேசுங்கள். அவனுக்கு அது தப்பு என்று யாரும் இதுவரை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை பேச்சாளருக்கு ஏற்பாடு செய்யும்போது, அந்தப் போராட்டத்தில் உட்கார்ந்த அக்காமார் ஒருவரைக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்களுக்கு வேலை இருக்காது. அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது.

அன்புடன்,
லயத்துப் பிள்ளைகளின் டீச்சர்