கடைசி மெய்ப்புக்குப் பிறகு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர் ஏழு எழுத்துப்பிழைகளைப் பட்டியல் போட்டு, “இப்போதெல்லாம் பிழை திருத்த ஆளே வைப்பதில்லையா?” என்று கேட்டிருந்தார். கோபம் நியாயமானதுதான். ஆனால் ஆள் இருக்கிறோம் ஐயா. எங்கும் மாதச் சம்பளத்துக்குச் சேராமல், பக்கக் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு 14 வருடமாக மெய்ப்பு பார்ப்பவன், அதாவது அச்சுக்குப் போகுமுன் பக்கங்களைப் படித்துப் பிழை குறித்துக் கொடுப்பவன் நான்.

இந்த வேலைக்கு வந்தபிறகு எதையும் சும்மா படிக்க முடிவதில்லை. “இளைஞர்கள் வேலைத் தேடி அலைகிறார்கள்” என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், செய்தியின் துயரம் மனதில் ஏறுவதற்குள் முருகன் கை வேல் தொலைந்துபோன காட்சி வந்துவிடுகிறது. எல்லாம் அந்த ஒரு ‘த்’ செய்கிற வேலை. வீட்டில் யாரும் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பதில்லை.

ஆரம்பத்தில் எனக்கும் அந்த வாசகரின் கோபம் இருந்தது. ஒரு நாவலைப் படித்துவிட்டு, அதிலிருந்த 42 பிழைகளைப் பக்கம், வரியோடு குறித்துப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். திறமையைப் பார்த்து வேலை தருவார்கள் என்று நப்பாசை. பதில் வரவில்லை. சில மாதம் கழித்துக் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முதல் வரியிலேயே ‘எழுத்துபிழை’ என்று ‘ப்’ இல்லாமல் எழுதியிருந்தேன்.

தெரியாமல் எழுதியதல்ல. தெரிந்த சொல் என்பதால்தான் கண்ணில் படவில்லை. கண் தாளைப் பார்க்கும். மனம் தன்னிடம் ஏற்கெனவே இருப்பதைப் படித்துக்கொண்டு போகும். 1631இல் லண்டனில் அரச அச்சகர்கள் அச்சிட்ட பைபிளில், பத்துக் கட்டளைகளில் ஒன்றிலிருந்து எதிர்மறைச் சொல் விடுபட்டு, விபசாரம் செய்வாயாக என்று வந்துவிட்டது. 300 பவுண்டு அபராதம் போட்டார்கள். எல்லாருக்கும் மனப்பாடமான வரி. அதனாலேயே அச்சாகும்வரை யாரும் கவனிக்கவில்லை என்பது என் ஊகம். நான் பார்த்தவரையிலும் பிழைகள் பொடி எழுத்தில் ஒளிந்துகொள்வதில்லை. தலைப்பில், படக்குறிப்பில், சில சமயம் அட்டையில் நூலாசிரியரின் பெயரிலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. அச்சில் வருகிற மோசமான பிழைகளில் பல, மெய்ப்பு பார்த்து முடித்தபிறகு உள்ளே நுழைந்தவை. முதல் மெய்ப்பு பார்ப்போம், இரண்டாம் மெய்ப்பு பார்ப்போம், சிவப்பு மையில் குறித்துக் கொடுப்போம். அப்புறம்தான் கூத்து. பக்கத்தில் இரண்டு வரி கூடுகிறது என்று வடிவமைப்பாளர் ஒரு வாக்கியத்தை வெட்டுவார். எழுதியவர் தொலைபேசியில் ஒரு பத்தி சொல்வார். நான் குறித்த திருத்தத்தைப் போடும்போது பக்கத்துச் சொல்லில் கை பட்டுப் புதிதாக ஒன்று முளைக்கும். ஒரு முறை, கடைசி நாளில், தன் கதாபாத்திரத்தின் பெயரை மணியிலிருந்து குமார் என்று மாற்றச் சொன்னார் ஓர் எழுத்தாளர். கணினியில் ‘அனைத்தையும் மாற்று’ என்று ஒரே தட்டு. புத்தகம் கைக்கு வந்தபோது காலை ஏழு குமார்க்கு ரயில் புறப்பட்டது. காதலன் காதலியைக் ‘கண்குமார்’ என்று கொஞ்சினான். மெய்ப்பு பார்த்தவர் என்று உள்ளே என் பெயர்! நான் பார்த்த பக்கங்களில் மணி மணியாகத்தான் இருந்தார்.

மென்பொருளிடம் விட்டுவிடலாமே என்பார்கள். நாவி, வாணி போன்றவை நல்ல உதவி, நானும் பயன்படுத்துகிறேன். ‘முயற்ச்சி’ மாதிரியான பிழையைப் பிடிப்பதற்கு அவை சரி. ஆனால் பணியும் பனியும், கரையும் கறையும் அகராதியில் உள்ள சொற்கள். அவை இடம் மாறி உட்கார்ந்தால், வாக்கியத்தின் பொருள் புரிந்த ஒருவர் வந்துதான் எழுப்ப வேண்டும். கண்ணுக்கே தெரியாத பிழையும் உண்டு. ஔவையாருக்கு ‘ஔ’ என்ற ஓர் எழுத்தைப் போடாமல், ஒ, ள என்று இரண்டாக அடித்தால் தாளில் வித்தியாசம் தெரியாது. கணினியில் தேடும்போதுதான் பாட்டி அகப்பட மாட்டார். பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய கோப்புகளிலோ, ‘ரி’ வர வேண்டிய இடத்தில் துணைக்கால் வந்து உட்கார்ந்து ரகர வேடம் போடும்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடைசித் திருத்தம் போட்டபிறகு, மாறிய பக்கங்களை மட்டுமாவது மெய்ப்பு பார்ப்பவரிடம் இன்னொரு தடவை காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. அதற்குத் தனியாகக் கூலி கேட்கமாட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் கேட்பேன்.

அப்படியும் தப்பி வருவதை ஒரு சிறிய கட்டத்தில் ‘திருத்தம்’ என்று அடுத்த இதழில் போடலாமே. பழைய புத்தகங்களில் பிழைதிருத்தம் என்று ஒரு தாள் இருக்கும்: பக்கம், வரி, பிழை, திருத்தம். அந்தத் தாள் உள்ள புத்தகம் கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் படிப்பேன். இணையப் பதிப்பில் நீங்கள் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். அச்சிதழைக் காசு கொடுத்து வாங்கியவரிடம் இருப்பது பிழையுள்ள பிரதிதானே.

அந்தக் கட்டத்துக்கு முதல் வரியை நானே தருகிறேன். சென்ற இதழ், பக்கம் 34, படக்குறிப்பு: ‘பணி மூடிய சிகரம்’. பனி என்று இருக்க வேண்டும். அந்த வாசகரின் ஏழில் இது இல்லை.

இப்படிக்கு,
ஒரு மெய்ப்புத் திருத்துநர்