விலையை ரசிகரிடம் விடும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'விரும்பிய விலை கொடுங்கள்' என்று டிஜிட்டல் ஆல்பம் வெளியிடுவதைப் பலர் தானதர்மமாகப் பார்க்கிறார்கள். அதுவும் வியாபாரம்தான். கணக்குப் போடாமல் இறங்கினால் கையைக் கடிக்கும்.

2007 அக்டோபரில் ரேடியோஹெட் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழு 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தை இப்படித் தந்ததை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். கிடைத்தது 160 கேபிபிஎஸ் எம்பி3, அதாவது ஒலித் தரம் குறைத்துச் சுருக்கிய கோப்பு மட்டுமே, சலுகை டிசம்பரிலேயே முடிந்தது, பிறகு சிடி கடைக்கு வந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. அவர்கள் ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றவர்கள் வேறு!

புதியவர்கள் சறுக்குவது, ரசிகர் இதற்குக் குறையாமல் தர வேண்டும் என்று கலைஞர் வைக்கும் குறைந்தபட்ச விலையில். கலைஞர்கள் தங்கள் இசையை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் 1 டாலர் என்று வைத்தால் தளத்தின் பங்கு 15 சதவீதம், அதாவது 15 சென்ட். பணம் செலுத்தும் சேவை ஒவ்வொரு முறையும் 30 சென்ட்டுடன் 3 சதவீதமும் பிடித்தால் இன்னொரு 33 சென்ட் போகும். கலைஞருக்கு மிஞ்சுவது 52 சென்ட், பாதிதான். அதே கட்டணத்தில் 5 டாலருக்கு 3.80 டாலர் கிடைக்கும். தின்பது அந்த நிலையான 30 சென்ட்தான். அதனால் பாடல்களை உதிரியாக விற்பதைவிட ஆல்பமாக விற்பதே லாபம்.

பூஜ்யம் என்று வைப்பதாக இருந்தால், இலவசமாக எடுப்பவரிடம் மின்னஞ்சல் முகவரி கேட்கும் வசதியை மறக்காமல் இயக்குங்கள். அடுத்த ஆல்பத்துக்கு அந்தப் பட்டியல்தான் முதலீடு. பேண்ட்கேம்ப்பில் இலவசப் பதிவிறக்கங்களுக்கும் மாத வரம்பு உண்டு. இன்னொரு விஷயம், அந்தத் தளத்தில் ஆல்பத்தை எம்பி3 கோப்பாக ஏற்ற முடியாது. வேவ், ஃபிளாக் போன்ற, ஒலித் தரம் குறையாத கோப்பு வேண்டும்.

இன்னொன்று: பிறர் இயற்றிய பாடலைப் பாடியிருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் உரிமம் வாங்கியே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்