வீட்டுப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அக்கா மகளும் அவள் கணவரும் அண்மையில் சிங்கப்பூரின் உட்லண்ட்சில் ஒரு நான்கறை மறுவிற்பனை வீடு வாங்கினார்கள். ஒருநாள் இரவு பத்து மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு. வழக்கறிஞர் அலுவலகம் அனுப்பிய படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன, எதில் டிக் போடுவது சித்தி என்று கேட்டாள். ஒன்றில் ஜாயின்ட் டெனன்சி, மற்றொன்றில் டெனன்சி இன் காமன். மறுநாள் காலைக்குள் அனுப்ப வேண்டுமாம். இன்று அனுப்பாதே, நாளை மாலை நான் வருகிறேன் என்றேன்.

அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2009இல் நானும் என் தம்பியும் சேர்ந்து ஈசூனில் ஒரு மூவறை வீடு வாங்கினோம். இருவருக்கும் திருமணமாகவில்லை, இருவருமே 35 வயதைத் தாண்டியவர்கள். ஒற்றையர் சேர்ந்து வாங்கும் திட்டத்தில் அந்த வீடு கிடைத்தது. வழக்கறிஞர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களை ஒரு பெண்மணி பென்சிலால் குறித்துக் காட்டிக்கொண்டே வந்தார். நடுவில், தலையை நிமிர்த்தாமல், “ஜாயின்ட்தானே?” என்றார். சேர்ந்துதானே வாங்குகிறோம், அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து இருவரும் ஆமாம் என்றோம். அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

2017இல் தம்பி மாரடைப்பில் போய்விட்டான். அவன் அலமாரியில் ஒரு பழுப்பு உறை இருந்தது. அதற்குள் அவனுடைய உயில். வேலையிட நண்பர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வீட்டில் தன் பாதி, அக்கா மகளின் படிப்புக்கும் வாழ்க்கைக்கும் என்று எழுதியிருந்தான். அப்போது அவள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

உயிலை எடுத்துக்கொண்டு வேறொரு வழக்கறிஞரிடம் போனேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னார்: “உயிலில் தப்பு எதுவும் இல்லை அம்மா. ஆனால் கொடுப்பதற்கு அவரிடம் பாதி வீடு இல்லை.” ஜாயின்ட் டெனன்சியில் வாங்கினால் உனக்குப் பாதி எனக்குப் பாதி என்ற கணக்கே கிடையாதாம். முழு வீடும் இருவருக்கும் சேர்ந்தே சொந்தம். ஒருவர் இறந்தால் அந்த நொடியே முழு வீடும் மற்றவருக்குப் போய்விடும். உயிலில் என்ன எழுதியிருந்தாலும் அதை மாற்ற முடியாது.

எட்டு ஆண்டுகள் என் தம்பி, சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் தன் மத்திய சேம நிதியிலிருந்து சரிபாதித் தவணை கட்டினான். அந்தப் பணத்துக்குத் தன் விருப்பப்படி ஒரு வழி செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு இருந்திருப்பான். அவன் விருப்பத்தை நானே பறித்துக்கொண்டதுபோல எனக்கு எத்தனையோ நாள் தூக்கம் வரவில்லை. அக்கா மகளின் படிப்புச் செலவில் என்னால் முடிந்ததைக் கட்டினேன். ஆனாலும் அது அவன் கொடுத்ததாக ஆகாது.

ஜாயின்ட் டெனன்சி கெட்டது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான கணவன் மனைவிக்கு அதுதான் பொருந்தும். ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் வீட்டை இழக்க மாட்டார். டெனன்சி இன் காமன் என்றால் ஒவ்வொருவருக்கும் இத்தனை பங்கு என்று பிரித்து எழுதுவார்கள், பாதிப்பாதியாகவும் இருக்கலாம், எழுபதுக்கு முப்பதாகவும் இருக்கலாம். அவரவர் பங்கு அவரவர் உயில்படி போகும். உயில் இல்லாவிட்டால் சட்டம் பிரித்துக் கொடுக்கும். பிள்ளை இல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் பெற்றோர் உயிரோடு இருக்கும் பட்சத்தில், சொத்தில் பாதி துணைவருக்கும் பாதி பெற்றோருக்கும் போகும். இது எத்தனை இளம் தம்பதிகளுக்குத் தெரியும்? முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அவர்களுக்கு ஃபராயிள் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறை. அவர்கள் அதைத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை, தாயும் மகனும் சேர்ந்து வாங்கும் வீடுகளில்தான் இந்தக் கேள்வி மிகவும் முக்கியம். அங்கேதான் யாரும் இதைப் பேசுவதில்லை. சாவைப் பற்றிப் புது வீட்டுக் காரியத்தில் பேசுவது அபசகுனம் என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். பால் காய்ச்சுவதற்கு நாள் பார்க்கிறோம், இதைப் பார்ப்பதில்லை.

சரி, அன்று மாலை உட்லண்ட்சுக்குப் போனேன். அவர்கள் இருவரும் வேறு கேள்விகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள். ஆப்ஷன், அதாவது பேசிய விலைக்கு வீட்டை வாங்கும் உரிமைப் பத்திரம், வாங்கிய மறு வேலைநாளுக்குள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) வீட்டின் மதிப்பைக் கேட்டு மனுச் செய்திருந்தார்கள். பேசிய விலை 560,000 வெள்ளி, வந்த மதிப்பு 548,000. நடுவில் உள்ள 12,000 வெள்ளிக்குக் கடனும் கிடைக்காது, மத்திய சேம நிதியையும் தொட முடியாது, ரொக்கமாகத்தான் தர வேண்டும். முகவர் இதை முதலிலேயே அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம். முத்திரை வரி, விலை, சந்தை மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல்தான் கணக்கிடப்படும், இங்கே விலைதான் அதிகம். முதல் 180,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 180,000க்கு 2, மீதிக்கு 3, ஆக 11,400 வெள்ளி. ஆப்ஷனில் கையெழுத்திட்டு உறுதிசெய்த 14 நாளுக்குள் கட்ட வேண்டும். இதற்கு மத்திய சேம நிதியைப் பயன்படுத்தலாம் என்று கேட்டதும் மாப்பிள்ளை முகத்தில் உயிர் வந்தது.

ஆப்ஷனுக்கு 21 நாள்தான். கடைசி நாள் மாலை நான்கு மணியோடு முடிந்துவிடும். அதற்குள் உறுதிசெய்யாவிட்டால் கொடுத்த ஆப்ஷன் பணம் திரும்பாது. வீவக வீட்டுக்கு அந்தப் பணம் 1,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது என்பதும், உறுதிசெய்யும்போது தருவதையும் சேர்த்து 5,000 வெள்ளிதான் உச்சம் என்பதும் ஒரு சிறு ஆறுதல்.

மாப்பிள்ளைக்கு இன்னொரு பயம், இவ்வளவு பணத்தை வழக்கறிஞர் கையில் கொடுப்பது பாதுகாப்பா என்று. நியாயமான பயம். முன்பு சில வழக்கறிஞர்கள் கட்சிக்காரர்களின் பணத்தோடு தலைமறைவானது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு, 2011 ஆகஸ்ட் முதல், வீடு வாங்கும் பணத்தை வழக்கறிஞர்கள் தங்கள் சாதாரணக் கணக்கில் போட முடியாது. அதற்கென்று தனிக் கணக்கு உண்டு. காசோலையில் நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் சிவிஒய் (CVY) என்ற மூன்று ஆங்கில எழுத்து வரும். பொதுவாக ஒரு தரப்பு வழக்கறிஞர் மட்டும் கையெழுத்திட்டு அதிலிருந்து பணத்தை எடுத்துவிட முடியாது. அந்த மூன்று எழுத்தைப் பார்க்காமல் காசோலையைக் கொடுக்காதே என்றேன்.

அப்புறம் கட்டத்துக்கு வந்தோம். தம்பியின் உயிலை எடுத்துப் போயிருந்தேன். அக்கா மகள் அதுவரை அதைப் பார்த்ததில்லை. மாமாவின் கையெழுத்தைப் பார்த்து அழுதாள். பிறகு இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்ன செய்வது, நாளைக்குப் பிள்ளைகள் வந்தால் என்ன என்றெல்லாம். கடைசியில் ஜாயின்ட் டெனன்சியில்தான் டிக் போட்டார்கள். தெரிந்து போட்டார்கள், எனக்கு அது போதும்.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். வீடு வாங்குவது பற்றிய சட்டக் கேள்விகளுக்குத் தமிழ் பேசும் வழக்கறிஞர்கள் பதில் சொல்லும் பகுதி ஒன்றை மாதம் ஒருமுறையாவது வெளியிடுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இந்தச் சொற்களில் தடுக்கி விழுகிறார்கள், நானும் தம்பியும் அப்படித்தான் விழுந்தோம். வழக்கறிஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “ஜாயின்ட்தானே?” என்று கேட்காதீர்கள். உங்களில் ஒருவர் இறந்தால் வீடு யாருக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள்.

எனக்கு இப்போது 62 வயது. ஈசூன் வீடு என் பெயரில் மட்டும் இருக்கிறது. அக்கா மகளுக்குச் சொந்த வீவக வீடு இருப்பதால் இதையும் அவள் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே என் காலத்துக்குப் பிறகு இந்த வீட்டை விற்று, வரும் பணத்தில் பாதியை அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று சென்ற வாரம் உயில் எழுதிவிட்டேன். அது தம்பியின் பாதி என்பதையும் அதில் எழுதச் சொன்னேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்