மூன்று மாதம்

பழைய வண்ணாரப்பேட்டை
ஜனவரி 4

அன்புள்ள ரேவதி,

தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, தப்புதான். வேளச்சேரிக்குப் போனதிலிருந்து உனக்கும் இந்தப் பக்கம் வழி மறந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? நம்ம குண்டூசிக்கு இரண்டாவதும் பையனாமே!

நவம்பர் கடைசியில் எங்கள் இரண்டு பேருக்கும் டெங்கு. எனக்கு ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 38,000 வரை இறங்கிவிட்டது. ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். அவருக்கு அவ்வளவு இறங்கவில்லை, ஆனால் ஐந்து நாள் விடாமல் 103 டிகிரி.

டிசம்பரில் குழந்தைக்காக ஐவிஎஃப், அதான் சோதனைக்குழாய் சிகிச்சை, தொடங்க இருந்தோமே, ஞாபகமிருக்கா? வளையல்கூட அடகுக்குப் போயாச்சு. கருமுட்டையை ஊசி விட்டுத்தான் எடுப்பார்கள், ரத்தக்கசிவு ஆகக் கூடாது, முதலில் பிளேட்லெட் ஏறட்டும் என்றார் டாக்டரம்மா. எனக்குப் பத்தே நாளில் ஏறிவிட்டது. அவருடைய ரிப்போர்ட்தான் இடித்தது. போன ஜூனில் ஒரு மில்லிக்கு 4 கோடி இருந்த விந்தணு இப்போது 70 லட்சம். 1.6 கோடிக்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள்.

அவர் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடிக்குப் போய், பூந்தொட்டித் தட்டு ஒவ்வொன்றையும் கவிழ்த்தார். டெங்கு கொசு சாக்கடையில் இல்லை, நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் வளரும் என்று கார்ப்பரேஷன்காரர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அப்புறம் டிரம்மைச் சாய்த்து, தேங்காய் நாரால் உள்பக்கம் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் படியில் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு வருடமாக ஊரே என்னைப் பார்த்த பார்வையை அன்றைக்கு அவர் தன்மேல் போட்டுக்கொண்டார் ரேவதி. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

மறுவாரம் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 74 நாள் ஆகுமாம். உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் விதைப்பையில் அந்த வேலை நடக்கும். காய்ச்சல் அதைக் கெடுத்துவிடுகிறது. அந்த நாட்களில் அடிபட்டவைதான் இப்போது ரிப்போர்ட்டில் வந்திருக்கின்றன, மூன்று மாதம் போனால் புதிதாக உருவானவை வரும் என்றார். ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் இப்போதேகூட முயலலாம், பொறுத்தால் நல்லது என்றும் சொன்னார்.

எனக்கு 36 வயது, கருமுட்டை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஏஎம்எச் வெறும் 1.2. என்னிடம் பொறு என்றால்! தை பிறந்ததும் ஆரம்பித்துவிட வேண்டும் என்று மாமியார் வேறு. என் வீட்டுக்காரரோ 'இக்சியே செய்துவிடலாம், என்னால் நீ காத்திருக்க வேண்டாம்' என்றார். இரண்டு நாள் சண்டை. கடைசியில் பொறுக்கலாம் என்று சொன்னது நான்தான். அடகு வைத்த காசு ஒரு தடவைக்குத்தான் வரும். அதைக் காய்ச்சலில் அடிபட்ட அணுவை வைத்துச் செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை.

உன் தம்பி சிக்குன்குனியாவில் படுத்து எழுந்தான், பொங்கல் கழித்து அவர்களும் டெஸ்டுக்குப் போகிறார்கள் என்று சொன்னாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். காய்ச்சல் வந்த தேதியை டாக்டரிடம் முதலில் சொல்லச் சொல். எங்களை லேபில் யாருமே கேட்கவில்லை. எண்ணிக்கை குறைவாக வந்தால் அவன் இடிந்து உட்கார்ந்துவிடப் போகிறான், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்.

அவருக்கு மார்ச் முதல் வாரம் மறுபடி டெஸ்ட். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் வெளியே தனியாக உட்கார்ந்திருக்க என்னால் முடியாதுடி. அன்றைக்கு லீவு போட முடியுமா? மெட்ரோவில் தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் இறங்கு, நான் வாசலில் நிற்கிறேன்.

உன்,
சுகன்யா