பின்னி மில் இடத்துல இப்ப யார் யார் இருக்கோம்னு எண்ணிப் பாருங்க: மாநகராட்சி கமிஷனருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: பெரம்பூர் - ஓட்டேரி பக்கம் அபார்ட்மெண்ட்ல வாடகைக்கு இருக்கிற ஒரு குடும்பத்தலைவி

பெறுநர்: உயர்திரு ஆணையர் அவர்கள், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை, சென்னை

பொருள்: 2027 சென்சஸ்ல எங்க ஏரியா அபார்ட்மெண்ட்ல ஒருத்தரும் விட்டுப்போகாம எண்ணணும், வயசுவாரியா அந்தக் கணக்கை வெச்சு வசதி செஞ்சு தரணும்னு கேக்குறது சம்பந்தமா

ஐயா, வணக்கம்.

எங்க அப்பா பின்னி மில்லுல நெசவுல இருந்தவரு. 1996ல மில்லை மூடுற வரைக்கும் சங்கு ஊதுனாதான் எங்க தெருவுக்கு விடியும், அப்பாவுக்கு ஒரு டிக்கெட் நம்பர் இருந்துச்சு, கேட்டுக்குள்ள எத்தனை பேர் போனாங்க எத்தனை பேர் திரும்புனாங்கன்னு ஆபீஸ்ல கணக்கு இருக்கும். அந்த மில் இருந்த இடத்துல இப்ப டவர் டவரா நிக்குது, நானும் மகன் மருமகளோட அந்தப் பக்கம்தான் ஒரு ஃப்ளாட்ல இருக்கேன். ஆனா எங்க ஏரியாவை கவர்மெண்ட்டு கடைசியா எண்ணுனது 2011ல, அப்போ இந்த இடத்துல குடித்தனமே கிடையாது. 2021ல எடுக்க வேண்டியது கொரோனாவால தள்ளிப்போய் இப்ப 2027 பிப்ரவரிக்கு வந்திருக்கு.

2011 கணக்குப்படி பழைய சென்னை மாவட்டத்துல 46,46,732 பேர், பத்து வருஷத்துல ஏறுனது 7 சதவீதம்தான். அதே பத்து வருஷத்துல காஞ்சிபுரம் மாவட்டம் கிட்டத்தட்ட 39 சதவீதம், திருவள்ளூர் 35 சதவீதம். இதைப் பாத்தா யாருக்கும் தோணும், ஊருக்குள்ள இனிமே ஆள் ஏறாது, ஏறுறதெல்லாம் புறநகர்லதான்னு. ஆனா அதுக்கப்புறம்தானே ஊருக்குள்ள மில் இடம், குடோன் இடம், பழைய தனி வீடு எல்லாம் இடிச்சு அபார்ட்மெண்ட் ஆச்சு, 2019ல விதி மாத்தி உயரமான கட்டிடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனை அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு, 3.25 வரைக்கும் குடுத்தாங்க, இப்ப ஓட்டேரி வழியா மெட்ரோ வேற தோண்டுறாங்க. 200 வார்டு எல்லை பிரிச்சதும் அதே 2011 கணக்கை வெச்சுதான். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் 50,000 பேருக்கு ஒண்ணு, அங்கன்வாடி 400லேர்ந்து 800 பேருக்கு ஒண்ணுன்னு ரூல் இருக்கு, அந்த 50,000ம் 800ம் எந்த வருஷத்து ஆளுங்கய்யா?

யார் யார் இருக்கோம்னு எங்க மாடியை மட்டும் சொல்றேன். எட்டு வீடு. ரெண்டு வீட்ல ஐடி வேலை பாக்குற சின்ன ஜோடிங்க, கைக்குழந்தை, ஊர்லேர்ந்து மாமியார் வந்து பாத்துக்கிறாங்க. ஒரு வீடு சௌகார்பேட்டைல இடம் பத்தாம இங்க வந்த மார்வாடி கூட்டுக்குடும்பம். ஒரு வீட்ல ரயில்வேல ரிடையர் ஆன ஆங்கிலோ இந்தியன் அம்மா, தனியா. இன்னொரு வீட்ல வயசான தம்பதி, பசங்க ரெண்டும் வெளிநாடு, லிஃப்ட் நின்னுபோன அன்னைக்கு அந்த ஐயாவை சேர்ல உக்கார வெச்சு செக்யூரிட்டி பசங்க ஒம்பது மாடி தூக்கிட்டு இறங்குனாங்க. ஒரு வீடு பேச்சிலர் பசங்க, மாசத்துக்கு மாசம் முகம் மாறும். ஒரு வீடு பூட்டியே கிடக்குது. எட்டாவது நாங்க. எல்லா வீட்டுக்கும் வேலைக்கு வர்றது புளியந்தோப்பு, வியாசர்பாடி பொம்பளைங்க. கீழ ஜெனரேட்டர் ரூம் பக்கத்துல கட்டில் போட்டு தூங்குறாங்களே அஸ்ஸாம், பீகார் செக்யூரிட்டி பசங்க, அவங்களும் இங்கதான் இருக்காங்க, ஆனா எந்த ஃப்ளாட் நம்பர்லயும் வர மாட்டாங்க.

2025 நவம்பர்ல வோட்டர் லிஸ்ட் திருத்தத்துக்கு ஒரு அம்மா ஃபாரத்தோட வந்தாங்க. கேட்ல ஆப்ல அப்ரூவல் வந்தாதான் உள்ள விடுவோம்னுட்டாங்க, பகல்ல வேலைக்குப் போனவங்க யாரு ஃபோனைப் பாப்பாங்க? அவங்க வெயில்ல தூண் ஓரமா நின்னு ஒவ்வொரு நம்பரா ஃபோன் போட்டுக்கிட்டே இருந்தாங்க, நான் கீழ போய்தான் கூட்டிட்டு வந்தேன், தண்ணி குடுத்தேன், பாவம் அதுக்குள்ள பாதி நேரம் போயிடுச்சு. சென்சஸ்லயும் இதேதான் நடக்கும்னு எனக்கு பயமா இருக்கு. பூட்டுன வீடுன்னு எழுதிட்டுப் போனா அடுத்த பத்து வருஷத்துக்கு நாங்க இல்லாதவங்கதான்.

சென்னைக்கு முதன்மை சென்சஸ் அதிகாரி நீங்கதான்றதால உங்ககிட்ட கேக்குறேன். ஒரு கணக்கெடுப்பாளருக்கு சுமாரா 700, 800 பேர்னு பிரிக்கிறாங்களாம், அதை பழைய தெரு மேப்பைப் பாத்து பிரிக்காதீங்க, டவர் டவரா பிரிங்க. சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் வரச் சொல்லுங்க. 1948 சென்சஸ் சட்டம் 9வது பிரிவுப்படி கணக்கெடுக்க வர்றவங்களை உள்ள விட்டே ஆகணும், இதை எழுதி எல்லா அசோசியேஷனுக்கும் முன்கூட்டியே ஒரு லெட்டர் அனுப்புங்க. நாம சொல்ற விவரம் வெளிய போகாதுன்னு 15வது பிரிவு இருக்கு, அதையும் அதே லெட்டர்ல போடுங்க, வாடகைக்கு இருக்கிறவங்களும் வெளி மாநிலத்து பசங்களும் அதுக்குத்தான் பயப்படுறாங்க. வாட்ச்மேன் ரூம், சைட்ல தகர ஷெட்டு போட்டு இருக்கிற கட்டிட வேலைக்காரங்க, யாரையும் விட்டுடாதீங்க.

எண்ணி முடிச்சப்புறம் ஆறு வயசுக்குள்ள பிள்ளைங்க எத்தனை, 60 தாண்டுனவங்க எத்தனை, அதுல தனியா இருக்கிறவங்க எத்தனைன்னு வார்டுவாரியா பிரிச்சு, எங்க வார்டு ஆபீஸ் வாசல்ல ஒட்டுங்கய்யா. அங்கன்வாடிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இடம் கேட்டு நாங்க அடுத்த மனு எழுதுறப்போ அந்தக் கணக்கைத்தான் வெச்சுக் கேக்கப்போறோம். எங்க டவர்ல கணக்கெடுக்க வர்றவங்களுக்கு வீடு வீடா கூடவே வர நானும் இன்னும் நாலு பொம்பளைங்களும் தயாரா இருக்கோம், என்னைக்குன்னு மட்டும் முன்னாடியே சொல்லி அனுப்புங்க.

இப்படிக்கு,
மில் தொழிலாளியோட மக, ஓட்டேரி