சாயவேரோடு போன வருடம்

வணக்கம் அக்கா, தங்கச்சிகளே. இந்த வருடம் என்ன செய்தாய் என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பகுதி சாயவேரோடுதான் போனது. நம் கடற்கரை மணலில் வளர்கிற சின்னச் செடி. சிவப்பெல்லாம் அதன் வேர்ப்பட்டையில். பரமக்குடிப் பருத்தித் துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைத்து, படிகாரம் ஏற்றி, அப்புறம்தான் சாயத்தில் போட வேண்டும். அவசரப்பட்டு அடுப்பைக் கூட்டினால் நிறம் மங்கிவிடும். நம் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, ஆனால் அதிலுள்ள சுண்ணாம்பு இந்தச் சிவப்பைத் தூக்கிக் கொடுக்கிறது! கறுப்புக்குக் கடுக்காயும் துருப்பிடித்த ஆணியும் போதும்.

பழைய மீன்வலையைத் துணியோடு சேர்த்துத் தைத்தும் பார்த்தேன். அதில் எனக்கு இன்னும் திருப்தியில்லை. ஒரு கண்காட்சிக்கு அனுப்பியதற்குப் பதிலே வரவில்லை, சரி, விடுங்கள்.

ஞாயிறு மாலை மண்டபம் வீட்டில் எல்லாவற்றையும் கொடியில் விரிக்கிறேன். வெளுத்த பருத்திச் சேலை இருந்தால் எடுத்து வாருங்கள், சாயம் மிச்சமிருக்கிறது.