நாலும் தலையால்

அன்புள்ள அத்தானுக்கு,

முந்தாநாள் ஏ.எஃப்.சி. விம்பிள்டனுக்காக மைல்ஸ் ஹிப்போலைட் கோல் அடித்தபோது தொலைபேசியைக் கையில் எடுத்து உங்கள் பெயர் வரைக்கும் போனேன். நீங்கள் வெம்பிளி மைதானத்தில் நின்றிருப்பீர்கள், அந்தச் சத்தத்தில் மணி கேட்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வைத்துவிட்டேன். வால்சோலை 1-0 என்று வென்று முடித்த பிறகும் எடுக்கவில்லை. இரவு அக்காவுக்கு அடித்தேன். "தொண்டை அடைச்சுப்போய்ப் படுத்திருக்கிறார்" என்றா. போனை உங்களிடம் கொடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவவும் கேட்கவில்லை.

இன்று 2025 மே 28. இந்தத் திகதியை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வாசிக்கப்போகிற மற்றவர்களுக்காக மட்டும் சொல்கிறேன்: 2002இல் இதே நாளில் மூன்று பேர் கொண்ட ஒரு ஆணைக்குழு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், தென் லண்டனின் விம்பிள்டன் உதைபந்தாட்டக் கழகம் மில்டன் கீன்ஸுக்குப் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 1889இல் தொடங்கிய கழகம். 1988இல் லிவர்பூலை வென்று எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கிய கழகம். ஆதரவாளர்கள் பின்னால் போகவில்லை. தாங்களே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, விம்பிள்டன் கொமனில் பெடியளைக் கூப்பிட்டு ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்தார்கள். லண்டனிலிருந்து போனது பிறகு எம்.கே. டொன்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2004இல் நான் வீடு வாங்கிக்கொண்டு போனதும் அதே மில்டன் கீன்ஸுக்குத்தான்.

ஏன் போனேன் என்பது உங்களுக்குத் தெரியும். மிட்சத்தில் பார்த்த அந்த இரண்டு அறை வீட்டின் கதையும், யார் எவ்வளவு தருவதாகச் சொன்னார், பிறகு என்ன நடந்தது என்பதும் எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். இதை அக்கா வாசிப்பா. ஊரில் மாமியும் வாசிப்பா. கைக்குழந்தையோடு மூன்று வீடு மாறிவிட்டோம், நாலாவதுக்கு என்னிடம் தெம்பு இருக்கவில்லை என்பதோடு விடுகிறேன்.

ஆனால் 2012 மார்கழியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

அந்த ஞாயிறு இரண்டு கழகங்களும் முதல்தடவையாக மோதின, எஃப்.ஏ. கிண்ணத்தில், எங்கள் ஊர் மைதானத்தில். உங்களுடைய சிநேகிதர்கள் பாதிப் பேர் அந்த வாசலை மிதிக்கமாட்டோம் என்று இருந்துவிட்டார்கள். நீங்கள் வந்தீர்கள். வருவதாக அக்காதான் எனக்குச் சொன்னா, நீங்கள் சொல்லவில்லை. நான் மகனோடு மற்றப் பக்கத்தில் இருந்தேன். அவனுக்கு அப்போது 9 வயது. ஜக் மிட்சன் தலையால் சமன் செய்தபோது உங்கள் பக்கத்திலிருந்து சனம் மைதானத்துக்குள்ளேயே ஓடி இறங்கியது. அதற்குள் உங்களைத் தேடினேன். உங்களுடைய அந்தப் பழைய நீல அங்கியைத் தேடினேன். நீங்கள் ஓடி இறங்குகிற ஆள் இல்லை என்று தெரிந்தும் தேடினேன்.

90 நிமிசம் முடிந்து கூட்டிக் கொடுத்த நேரத்தில் ஒட்செமோபோர் குதிக்காலால் தட்டிவிட்ட பந்து உள்ளே போனது. மகன் துள்ளி எழும்பினான். நானும் எழும்பினேன்.

அத்தான், இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்க எழும்பினேன் என்று 12 வருசமாக எனக்குச் சொல்லிவருகிறேன். அது பொய் இல்லை. ஆனால் எழும்பினதும் உண்மை, கையைத் தூக்கினதும் உண்மை. எதிர்ப்பக்கம் நீங்கள் நின்றது தெரிந்தும் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்தால், கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் கணவாய்க் கறி, இன்னொன்றில் இடியப்பம். மூடியில் ஒட்டியிருந்த தாளில் அக்காவின் எழுத்தில் மகனின் பெயர். என்ர மனுசி மேல்மாடி ஜன்னலால் பார்த்திருக்கிறா. "அத்தான் வந்தவர். பெல் அடிக்கேல்லை. பையைக் கொழுவிப்போட்டுக் கொஞ்ச நேரம் நின்றவர். குனிஞ்சு அந்தக் கடிதம் போடுற தகட்டைத் தூக்கினவர். பிறகு விட்டிட்டார். நான் இறங்கி வாறதுக்குள்ள கார் போட்டுது" என்றா.

அந்தத் தகடு என்னவென்று இவவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

1987இல் 13 வயதில் நான் லண்டன் டூட்டிங்குக்கு வந்து இறங்கியபோது எனக்கு இங்கிலீசும் வராது, உங்களோடு கதைக்கத் துணிவும் வராது. இரவு முழுக்கப் பெற்றோல் நிலையத்தில் நின்றுவிட்டு விடிய வருவீர்கள். கதவைத் திறக்கமுன் குனிந்து அந்தத் தகட்டைத் தூக்கி, அதற்குள்ளால் கேட்பீர்கள். "1963 அமெச்சூர் கிண்ண இறுதி. நாலு கோல் ஆர்?" நான் பள்ளிச் சட்டையோடு உள்ளே நின்று, "எடி றெனோல்ட்ஸ்." "எப்பிடி?" "நாலும் தலையால்." பிறகுதான் திறப்பு சுழலும். 1975இல் எல்லண்ட் ரோடில் லோரிமரின் பெனால்டியைப் பிடித்தது ஆர்? டிக்கி கை. அதற்கு முந்தின சுற்றில் பர்ன்லியில் என்ன கணக்கு? 1-0, எங்களுக்கு. அப்போது நாங்கள் எந்த லீக்? சதேர்ன் லீக், தொழில்முறை லீக்குகளுக்கு வெளியே. லீக்குக்குள் எப்ப எடுத்தவங்கள்? 1977. நான் இங்கிலீசில் எண்ணப் பழகியது இந்தக் கணக்குகளில்தான். நீங்கள் அதைத் திட்டமிட்டுச் செய்தீர்களா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

1988 மே 14. சஞ்சேஸ் தலையால் அடித்ததை இரண்டு பேரும் பார்த்தோம். ஆல்ட்ரிஜ் பெனால்டிக்கு வந்து நின்றபோது நீங்கள் கண்ணைப் பொத்திக்கொண்டீர்கள். வெம்பிளியில் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம் ஒன்றில் அதுவரை ஒருவரும் பெனால்டி பிடித்ததில்லை என்று தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "என்னடா?" என்றீர்கள். "பிடிச்சிட்டான்" என்றேன். நீங்கள் விரலை எடுக்கவில்லை. "உண்மையா?" என்றீர்கள். "உண்மையா அத்தான். பீசன்ட் பிடிச்சிட்டான்." அந்தப் பிடியை நீங்கள் எத்தனையோ பேருக்கு நேரில் பார்த்ததுபோலச் சொல்லியிருக்கிறீர்கள். நான் ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை. இன்று எழுதிவிட்டேன், மன்னியுங்கோ. அன்று உங்களுக்குக் கண் நான்தான் என்பதை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும்போல இருந்தது.

அந்த ஆவணியில் என்னைக் கழகத்தின் மைதானமான பிளவ் லேனுக்குக் கூட்டிப்போனீர்கள். வழியில் எஃப்ரா ரோட்டுப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, இஞ்சித் தேத்தண்ணிப் போத்தலோடு. மூன்றே வருசம். 1991இல் கழகத்தைச் செல்ஹேர்ஸ்ட் பார்க்குக்குக் கொண்டுபோனார்கள், கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் வீட்டில் குடியிருக்க. அதற்கு முதல் வருசம்தான் யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் உங்கள் அம்மா வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளிக்கிட்டவ. நீங்கள் மயிலிட்டியைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஆனால் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற நாட்களில் என்னையும் இழுத்துக்கொண்டு வெறும் பிளவ் லேனின் வேலிப் பக்கம் போய் நிற்பீர்கள். பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது. ஒரு பத்து நிமிசம் நின்றுவிட்டு "சரி, வா" என்பீர்கள். பிறகு அதை இடித்து அடுக்குமாடி கட்டி, அதற்கு றெனோல்ட்ஸ் கேட் என்று பெயர் வைத்தபோது, "பெயரையாவது விட்டு வைச்சாங்கள்" என்று சொன்னீர்கள். உங்களுக்கு அது சந்தோசமா, கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஆகவே மில்டன் கீன்ஸ் உங்களுக்கு என்ன என்பது எனக்கு விளங்காமல் இல்லை. 2002 ஆடியில் சட்டனில் நடந்த அந்த முதல் ஆட்டத்துக்கு நானும் உங்களோடு வந்தவன்தான். சனம் உள்ளே வந்து முடியாமல் ஆட்டத்தைப் பிந்தித் தொடங்கினார்கள். 4,657 பேர். 4-0 என்று தோற்றோம், ஆனாலும் கடைசியில் சனம் மைதானத்துக்குள் இறங்கிக் கொண்டாடியது. நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அதன்பிறகு இரண்டு வருசத்தில் நான் செய்ததை நீங்கள் எப்படி எடுத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அத்தான், பிள்ளைக்கு என்ன தெரியும்? அக்காவின் ஐம்பதாவது பிறந்தநாளன்று மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால், "உது களவெடுத்த கழகத்தின்ர தொப்பி, தம்பி. கழட்டு" என்றீர்கள். அவன் கழட்டினான். கம்பளித் தொப்பி. அவனுடைய வகுப்பில் எல்லாப் பெடியளும் போட்டது. கேக் வெட்டி முடியும்வரை அதை மேசைக்குக் கீழே மடியில் வைத்திருந்தான். திரும்பி வரும்போது எம் 1 நெடுஞ்சாலையில், பின் இருக்கையிலிருந்து, "அப்பா, நான் களவெடுத்தனானா?" என்று கேட்டான். நான் என்ன சொல்ல? அவன் பிறந்து ஒரு வருசத்தில் வந்த ஊர் அது. அவன் நடக்கப் பழகினதும் பந்து உதைக்கப் பழகினதும் அங்கேதான். ஊர் எது என்று கேட்டால் அவன் சொல்வது மில்டன் கீன்ஸ் என்றுதான். ஊரை இழந்த வலி தெரிந்த ஒரு மனிதர், இன்னொரு பிள்ளையிடம் அவனுடைய ஊரைக் களவு என்று சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை. அந்த வருசம் மார்கழியில் நான் கையைத் தூக்கியதில் அந்தத் தொப்பிக்கும் பங்கு இருக்கிறது.

இப்படி எழுத வேண்டும் என்று தொடங்கவில்லை.

2011இல் மான்செஸ்டரில் லூட்டனைப் பெனால்டியில் வென்று, தொடங்கி ஒன்பதே வருசத்தில் திரும்ப லீக்குக்குள் போனபோது நான் காருக்குள் வானொலியில் கேட்டேன். கெட்வெல் கடைசிப் பந்தை அடிக்கிறபோது வீதியோரமாக நிறுத்திவிட்டு நானும் கண்ணைப் பொத்திக்கொண்டேன். வானொலிக்குக் கண்ணைப் பொத்தி என்ன பயன்? ஆனால் பொத்தினேன். 2020 கார்த்திகையில் புதிய பிளவ் லேனைத் திறந்து டொன்காஸ்டரோடு 2-2 என்று ஆடியபோது, கொரோனாவால் உள்ளே ஒருவரையும் விடவில்லை. நீங்கள் மதிலுக்கு வெளியே போய் நின்றீர்கள் என்று அக்கா சொன்னா. இருபத்தொன்பது வருசத்துக்குப் பிறகு விளக்கு எரிகிறது, உள்ளே போக முடியாது. அன்று நான் வந்து பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். பயணத் தடை அது இது என்று சாட்டுச் சொல்லலாம், சொன்னேனும்கூட. போன புரட்டாதியில் வாண்டில் ஆறு பெருகி மைதானத்துக்குள் குழி விழுந்தபோதும் அக்காவுக்குத்தான் அடித்தேன். உங்கள் நலத்தைவிடப் புல்லின் நலத்தை அதிகம் விசாரித்தேன் என்று அவ ஏசினா.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். எம்.கே. டொன்ஸின் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. மகனுடையதைப் புதுப்பித்தேன். என்னுடையதை விட்டுவிட்டேன். அவனிடம் இருத்திவைத்துச் சொன்னேன். 22 வயதாகிவிட்டது, கேட்டுக்கொண்டிருந்தான். "நீங்கள் போங்கோ அப்பா. நான் வரமாட்டன், இது என்ர கழகம்" என்றான். அவர்கள் இப்போது உங்களுக்கு ஒரு லீக் கீழே. அதை வைத்து அவனிடம் ஏதும் சொல்லிவிடாதேங்கோ, கெஞ்சிக் கேட்கிறேன். நான் அவனை விட்டுவிட்டு உங்களிடம் வரவில்லை. உங்களிடம் வருகிறேன், அவ்வளவுதான். வருகிற ஆவணியிலிருந்து, பிளவ் லேனில், உங்களுக்குப் பக்கத்து இருக்கை கிடைக்காவிட்டால் அதே வரிசையில் எங்கேயாவது.

எழும்பிப் போகும்போது மகன் திரும்பிப் பார்த்து, "மாமா கேட்டால் சொல்லுங்கோ, நாலும் தலையால் எண்டு எனக்கும் தெரியும்" என்றான். நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை அத்தான். வேண்டுமென்றே சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தத் தொப்பிக்கு முந்தின காலத்தில், நீங்கள் எங்கள் வீட்டுக்கு வருகிற நாட்களில், தகட்டுக்குள்ளால் கேட்டதெல்லாம் படியில் இருந்து அவனும் கேட்டிருக்கிறான்.

இந்த ஞாயிறு காலையில் வருகிறேன். அக்காவுக்குச் சொல்லவில்லை, வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும். பெல் அடிக்கமாட்டேன். குனிந்து உங்கள் கதவின் தகட்டைத் தூக்குவேன். கிண்ணம் வென்ற அதே மே 14இல், சரியாகப் பன்னிரண்டு வருசம் கழித்து எங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்பேன். கதவைத் திறக்க மனமில்லாவிட்டால் திறக்க வேண்டாம், உள்ளே நின்றே பதிலைச் சொல்லுங்கோ.

உங்கள்
தம்பி